பைசோசியேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

எழுத்துப் பயிற்சிகளில் 'சம்பந்தமே இல்லாத இரண்டை எடுத்து முடிச்சுப் போடு' என்பார்கள் இல்லையா, அதற்கு ஒரு பெயர் உண்டு: பைசோசியேஷன். ஹங்கேரியில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர்தர் கோஸ்லர் உருவாக்கிய சொல். 1964இல் வந்த அவருடைய 'தி ஆக்ட் ஆஃப் கிரியேஷன்' இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

அசோசியேஷனின் வேர் லத்தீன் 'சோசியஸ்', அதாவது கூட்டாளி. அதன் தலையை வெட்டிவிட்டு, 'இரண்டு' என்று பொருள்படும் 'பை'யை ஒட்டவைத்தார். மழை என்றதும் குடை நினைவுக்கு வந்தால் அது வெறும் அசோசியேஷன், இரண்டும் ஒரே தளத்தில் கிடப்பவை. ஒன்றையொன்று எட்டிப் பார்க்காத இரண்டு தளங்கள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொண்டால்தான் பைசோசியேஷன். திராட்சை பிழியும் அழுத்தியையும் முத்திரை குத்துவதையும் சேர்த்து குட்டன்பர்க் அச்சுக்கு வழி கண்டதைக் கோஸ்லர் உதாரணமாகச் சொல்கிறார். நகைச்சுவை, கண்டுபிடிப்பு, கலை மூன்றுக்கும் அடியில் ஓடுவது இதே வேலைதான் என்பது அவர் வாதம்.

சரி, தமிழில்? 'இணைப்பு', 'தொடர்பு' என்றால் அசோசியேஷனுக்கும் அதே சொல்தான், வித்தியாசமே காணாமல் போய்விடும். 'இருதளப் பிணைப்பு' பொருளில் கச்சிதம், ஆனால் ஒரு பத்தியில் மூன்று முறை வந்தால் வாசிப்பவர் ஓடிவிடுவார். என் ஓட்டு 'ஈரியைபு'க்கு. இரு + இயைபு, சைக்கிளை ஈருருளி என்கிற மாதிரி. இயைபு ஏற்கெனவே செய்யுளில் வரும் ஒரு தொடையின் பெயராயிற்றே என்று யாப்பு தெரிந்தவர்கள் கேட்கலாம். ஒலியை வைத்து வேறுவேறு சொற்களை ஒன்றுசேர்க்கிற தொடை அது, ஆகவே தூரத்து உறவுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயர் புதிது, சரக்கு பழையது. காளமேகத்தின் சிலேடையைப் பாருங்கள்: வைக்கோலும் யானையும்! களத்தில் அடிபடுவது வைக்கோல், போர்க்களத்தில் அடிப்பது யானை. நெல் கட்டிவைப்பதும் கோட்டை, யானை நுழைவதும் கோட்டை. வைக்கோலுக்கும் போர் உண்டு, யானைக்கும் போர் உண்டு. இரண்டு எண்ணங்களை ஒலி ஒன்று முடிச்சுப் போடுவதுதான் சிலேடை என்று கோஸ்லரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார், அவருக்குக் காளமேகத்தைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எழுதும்போது எப்படிச் செய்வது? இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரொதாரி, 1973இல் வந்த நூலில், நாய், அலமாரி என்று இரண்டு சொற்களை எடுத்து நடுவில் இத்தாலிய முன்னிடைச் சொற்களை (ஆங்கிலத்தின் 'இன்', 'ஆன்' மாதிரி) மாற்றி மாற்றிப் போட்டுக் கதை தேடினார். நமக்கு அந்தச் சிரமமே இல்லை, வேற்றுமை உருபுகள் தயாராக இருக்கின்றன. இடி, ரசீது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'ரசீதில் இடி' சப்பென்று இருக்கிறது. 'இடியை ரசீது' நகரவே மாட்டேன் என்கிறது. 'இடிக்கு ரசீது' என்றால் மேகத்துக்குள் ஒரு அலுவலகமும் தூங்கி வழியும் குமாஸ்தாவும் வந்துவிடுகிறார்கள். அப்புறம் உருபையே கழற்றிவிட்டு 'இடியே ரசீது' என்று போட்டுப் பார்த்தால், மின்னல் முன்பணம், இடி அதற்கு ரசீது, வழக்கம்போல ரசீது தாமதமாகத்தான் வருகிறது.