இம்பெரேட்டிவ் சென்டன்ஸ்: கட்டளையா, ஏவலா?

லத்தீனில் இம்பெராரே என்றால் ஆணையிடுதல். ரோமானியத் தளபதிகளின் இம்பெராட்டோர் என்ற பட்டம், அப்புறம் ஆங்கிலத்தில் புழங்கும் எம்பரர், எம்பயர், நம் பிள்ளைகளின் ஆங்கில இலக்கணப் பாடத்தில் வரும் இம்பெரேட்டிவ் எல்லாமே அந்த ஒரே வேரிலிருந்து வந்தவை.

ஒருவரை ஒன்றைச் செய்யச் சொல்லும் இம்பெரேட்டிவ் சென்டன்ஸைத் தமிழில் பெரும்பாலும் 'கட்டளை வாக்கியம்' என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் கட்டளை என்றதும் பிள்ளைக்கு அதட்டல்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் தேநீர் போடும் முறையை எழுதுவதும், பேருந்து நிலையத்துக்கு வழி சொல்வதும், வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வதும் இதே வாக்கியம்தான். பாடநூல்களில் வரும் 'விழைவுத் தொடர்' இன்னும் அகலமானது. ஏவல், வேண்டுதல், வாழ்த்துதல், வைதல் நான்கும் அதற்குள் அடங்கும். 'நீடூழி வாழ்க' என்று வாழ்த்தும் வியங்கோள் வினையும் அதில் சேரும், ஆங்கிலத்திலோ வாழ்த்துக்குப் பெரும்பாலும் 'மே' போட்டு வேறு மாதிரி எழுத வேண்டும். அதனால் என் தேர்வு ஏவல் வாக்கியம்.

ஏவல் என்ற சொல்லை நான் பிடித்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. நன்னூல் வினைப்பகுதிகளை வரிசைப்படுத்தும்போது நட, வா, மடி, சீ, விடு, கூ என்று 23 சொற்களை எடுத்துக்காட்டாகத் தந்து, அவற்றை 'செய்யென் ஏவல் வினைப்பகாப் பதமே' என்கிறது. அதாவது ஒருமையில் வினையின் வேர் எதுவோ அதுவே ஏவல், விகுதி எதுவும் ஒட்டுவதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே! கோ, கம், ஓப்பன் என்று வினையின் வெறும் வடிவம்தான் ஏவல், எஸ், இங், எட் எதுவும் கூடாது. 'அமைதியாக இரு' என்பது 'பி குவயட்'. ஆர் குவயட் என்றோ இஸ் குவயட் என்றோ வராது. 'நட'வில் விகுதி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

பிள்ளைகள் தடுமாறுவது வினை நிற்கும் இடத்தில்தான். 'கதவைத் திற' என்பதில் வினை கடைசியில் நிற்பதால் அதே வரிசையில் 'த டோர் ஓப்பன்' என்று எழுதிவிடுவார்கள், சிலர் முன்னால் 'யூ' சேர்ப்பார்கள். 'திற' என்று சொல்லும்போது 'நீ' சொல்லாமலே உள்ளே இருக்கிறதல்லவா, யூவும் அப்படித்தான் மறைந்து நிற்கிறது. வினையை முதலில் எழுது, எதை என்பதை அடுத்து எழுது, அவ்வளவுதான். எதிர்மறையில் கொஞ்சம் கூடுதல் பயிற்சி வேண்டும்: 'ஓடாதே' என்பதில் மறுப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது, ஆங்கிலத்தில் 'டோன்ட்' தனிச்சொல்லாக முன்னால் வந்து நிற்கும், அது இல்லாமல் 'நோ ரன்' என்று எழுதும் பிள்ளைகள் நிறைய.

எழுதுவதற்கு முன் செய்ய வைப்பது நல்லது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர், ஆசிரியர் ஏவ மாணவர் உடலால் செய்து காட்டும் முறையை 1960களில் முன்வைத்தார். ஸ்டாண்ட் அப், டச் யுவர் நோஸ், க்ளோஸ் த புக் என்று செய்து முடித்த கையோடு அதையே எழுதச் சொல்லலாம்.

மரியாதையையும் மறக்காமல் சொல்லிக்கொடுங்கள். வா, வாருங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'கம்'தான், '-ங்கள்' செய்யும் வேலையை அங்கே பெரும்பாலும் 'ப்ளீஸ்' செய்கிறது.