முதியோர் இல்லங்களில் தொற்றைக் குறைக்கும் பயிற்சி எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் உதவிச் செவிலியராக வேலை செய்பவர் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வகுத்த அளவு. சில மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன. குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கையிலிருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் அமர்த்துவது, மலசலம் கழித்தபின் சுத்தம் செய்வது எனப் பிறர் உடலோடு நெருங்கிச் செய்யவேண்டிய வேலைகள் அனைத்தையும் இந்த நேரத்துக்குள் கற்றாக வேண்டும். தொற்றுத் தடுப்பு அதில் ஒரு சிறு பகுதிதான். அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013 முதல் 2017 வரையிலான காலத்தில் 82 விழுக்காடு இல்லங்கள் தொற்றுத் தடுப்பில் குறைபாடு உள்ளவை என்று ஒருமுறையாவது குறிக்கப்பட்டிருந்தன.

மருத்துவமனையில் பின்பற்றும் முறைகளை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட முடியாது. மருத்துவமனை நோயாளி சில நாட்களில் வீடு திரும்பிவிடுவார். இல்லத்தில் இருப்பவருக்கோ அதுவே வீடு. அவர் மற்றவர்களோடு ஒரே கூடத்தில் சாப்பிடுகிறார், பேசுகிறார், சில வேளைகளில் நினைவு தடுமாறி அடுத்தவர் அறைக்குள் நுழைந்துவிடுகிறார். ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிகள், எந்த நோய்க்குறியும் காட்டாமல் இவர்களில் பலருடைய தோலிலும் குடலிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கின்றன. அதற்காக ஒருவரை மாதக்கணக்கில் தனியறையில் அடைத்துவைப்பது மனிதத்தன்மை ஆகாது. யாரிடம் கிருமி இருக்கிறது என்பது கண்ணால் பார்த்துத் தெரிவதும் இல்லை. ஆகவே ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குக் கிருமி செல்லும் முக்கிய வழியான பணியாளரின் கையில்தான் தடுப்பு அமைய வேண்டியிருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ளச் சிறுநீர்க் குழாய் நல்ல எடுத்துக்காட்டு. சிறுநீர்ப்பை வரை செலுத்தப்பட்ட குழாயின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பாசி பிடிப்பதுபோல, பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தை உருவாக்குகின்றன. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகளை மருந்து எளிதில் எட்டாது. குழாய் உள்ளே இருக்கும் நாட்கள் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. சிறுநீர் சேரும் பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே தூக்கினால் பையில் தேங்கியது உள்நோக்கித் திரும்பி ஓடும். குழாயையும் பையையும் இணைத்த இடத்தைக் கழற்றினால் கிருமிக்குப் புதிய வாசல் திறக்கும். பையைக் காலி செய்த கையுறையோடு அடுத்தவரின் குழாயைத் தொட்டால் ஒருவரின் கிருமி இன்னொருவருக்குப் போய்ச்சேரும். முதியவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும் அந்த அரை நிமிடத்தில் பையை அவர் மடியில் வைத்துவிடுவது இயல்பாக நடந்துவிடக்கூடியது. அக்கறையின்மையால் அப்படி நேர்வதில்லை; இரு கைகளும் முதியவரைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது பையை எங்கே மாட்டுவது என்பதை யாராவது செய்துகாட்டியிருக்க வேண்டும்.

2014 முதல் 2016 வரை பல மாநிலங்களைச் சேர்ந்த 404 இல்லங்களில் நடந்த தேசியத் திட்டம் ஒன்று இந்த வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. தேவையற்ற குழாயை அகற்றுவது, புதிதாகப் பொருத்தும்போது கிருமி நீக்கிய முறையைக் கையாள்வது, இன்னும் தேவைதானா என்று அடிக்கடி மதிப்பிடுவது, பராமரிப்பில் பயிற்சி தருவது, சிறுநீர்க் கட்டுப்பாடு இழந்தவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்வது ஆகியவற்றோடு, நிர்வாகத்தின் ஈடுபாடும் பணியாளர்கள் தயங்காமல் பேசும் பழக்கமும் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. குழாய் பொருத்திய ஒவ்வொரு 1,000 நாட்களுக்கு 6.78 ஆக இருந்த தொற்று, முடிவில் 2.63 ஆகக் குறைந்தது. பிற காரணிகளைக் கணக்கில் எடுத்துச் சீர்செய்தபோதும் சரிவு 54 விழுக்காடு. குழாய் பொருத்தப்பட்டிருந்தோரின் விகிதம் ஏறத்தாழ மாறவே இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். குழாய்கள் குறையாமலே தொற்று குறைந்தது என்றால், அவற்றைக் கையாண்ட விதம் மாறியிருக்க வேண்டும் என்றே நான் பொருள் கொள்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க, பயிற்சி பெறாத தனிக்குழு இந்தத் திட்டத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே திட்டத்தில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பும் எண்ணிக்கையும் சுமார் 15 விழுக்காடு குறைந்தது. முதியோரின் சிறுநீரில் நோய் ஏதும் இல்லாமலே பாக்டீரியா இருப்பது சாதாரணம். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதற்காகவே பரிசோதனை செய்தால் கிருமி தென்படும், ஆன்டிபயாடிக் தொடங்கப்படும், அது குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமிக்கு இடம் தந்துவிடும். அந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் சானிடைசர் கொல்வதில்லை. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவித்தான் அகற்ற வேண்டும். எப்போது பரிசோதனைக்கு அனுப்பக் கூடாது என்று கற்றுக்கொடுப்பதும் தொற்றுத் தடுப்பே.

கற்றுக்கொடுக்கும் முறையும் முக்கியம். கை கழுவ வேண்டும் என்பது பணியாளர் அனைவருக்கும் தெரியும். தெரிந்ததை அவசரத்திலும் கை தானாகச் செய்ய வேண்டும், அதுதான் கடினம். ஒஹாயோ மாநில மருத்துவமனைகளில் நடந்த, 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புற ஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் களிம்பைப் பூசிய கையுறையையும் மேலங்கியையும் பணியாளர்கள் கழற்றியபோது, 46 விழுக்காடு முறை களிம்பு அவர்களின் தோலிலோ உடையிலோ ஒட்டியிருந்தது. கையுறையைச் சரியாகத்தான் கழற்றினோம் என்று நம்பும் ஒருவருக்கு, மணிக்கட்டில் ஒளிரும் கறையைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஒரு மருத்துவமனையில் அந்தக் கறையை உடனுக்குடன் காட்டிப் பயிற்சி கொடுத்ததும் 60 விழுக்காடாக இருந்த மாசு 18.9 ஆக இறங்கியது. மூன்று மாதம் கழித்தும் மீண்டும் ஏறவில்லை. முதியோர் இல்லங்களுக்கு இந்தப் பயிற்சி இன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆறாத புண்ணோ உடலில் பொருத்திய குழாயோ உள்ளவர்களைக் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் மேலங்கியும் கையுறையும் அணிய வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் அங்கே நடைமுறையில் உள்ளது.

பயிற்சியால் மட்டும் ஆகாதவையும் உண்டு. 2020-இல் வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லாந்து நகர இல்லம் ஒன்றில் கொரோனா பரவி, மார்ச் 18-க்குள் அங்கு வசித்தவர்களில் 101 பேருக்கும் பணியாளர்களில் 50 பேருக்கும் தொற்று உறுதியானது. நோய்க்குறிகளோடு பணியாளர்கள் வேலைக்கு வந்ததும், ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்ததும் பரவலுக்கு உதவிய காரணங்களாக அறியப்பட்டன. விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம் காய்ச்சலோடு வராதே என்று வகுப்பெடுப்பது பயனற்றது. 2017, 2018-ஆம் ஆண்டுகளின் ஊதியப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இல்லங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் ஓர் இல்லத்திலேயே செவிலியப் பணியாளர் வெளியேற்றம் ஆண்டுக்கு 94 விழுக்காடு என்று கண்டார்கள். இப்படி ஆட்கள் மாறும் இடத்தில் ஆண்டுக்கு ஒரு வகுப்பு போதாது. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் வாரத்திலேயே ஒருவர் அருகில் நின்று பார்த்துத் திருத்த வேண்டும். அந்தப் பொறுப்புக்கென ஒவ்வோர் இல்லத்திலும் பயிற்சி பெற்ற தொற்றுத் தடுப்பு அலுவலர் ஒருவர் 2019 நவம்பர் முதல் கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறார். ஆனால் அவர் பகுதிநேரம் வேலை செய்தாலே விதிக்குப் போதுமானது. குறைந்தபட்சம் முழுநேரம் என்று அது மாற்றப்பட வேண்டும்.