பாய் ஏற மறுத்தால் பெரிய வின்ச் தீர்வல்ல

இன்னொரு படகு. முப்பத்தெட்டு அடி, முழு பேட்டன் (பாயின் அகலம் முழுக்க ஓடும் விறைப்புப் பட்டை) போட்ட மெயின் பாய், மின்சார வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை). பாய் பாதியில் நின்றுவிட்டது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. பாயின் தலையில் இருக்கும் கடினத் தகடான ஹெட்போர்டு பாயிலிருந்து பிய்ந்து கயிற்றோடு மேலே போய்விட்டது, பாய் அதன் அடியில் கிடைமட்டமாக நிற்கும் பூம் தண்டின்மேல் சரிந்து கிடக்கிறது. உரிமையாளரின் முதல் கேள்வி, எல்லோரும் கேட்கிற அதே கேள்விதான்: "இன்னும் பெரிய வின்ச் போட்டால் சரியாகிவிடுமா?"

ஆகாது. தயவுசெய்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வின்ச்சின் அளவு 40 என்றால், தாழ்ந்த கியரில், வழக்கமான 10 அங்குலக் கைப்பிடியோடு, அது உங்கள் கைவிசையை நாற்பது மடங்காக்குகிறது என்று பொருள். கைப்பிடியில் 15 கிலோ அழுத்தம் கொடுத்தால் கணக்குப்படி கயிற்றில் 600 கிலோ. உராய்வில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 400 மிஞ்சும். தூக்க வேண்டிய பாயோ, பேட்டன்களும் சேர்ந்து 25, 30 கிலோதான். சிமெண்ட் மூட்டையில் பாதி. மிச்சமிருக்கும் அத்தனை விசையும் எங்கேயோ சிக்கியிருக்கிற ஒரு பொருளைக் கிழிக்கத்தான் போகிறது. 10 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிறு நல்ல நிலையில் 2 டன்னாவது தாங்கும், அது அறாது. பாயைப் பாய்மரத்தோடு பிடித்து மேலும் கீழும் ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடு உடையும், அதைப் பாயோடு பிணைத்த நாடா அறும், ஹெட்போர்டு தையல் விடும். உங்களிடம் ஏற்கெனவே இருப்பது தேவைக்கு மேற்பட்ட பலம். பெரிய வின்ச் கோளாறைத் தீர்க்காது, உடையும் வரைக்கும் அதை மறைத்து வைக்கும்.

எனவே எதையும் வாங்குவதற்கு முன்னால் கோளாறு கயிற்றுப் பாதையிலா, பாயும் தடமும் (பாய்மரத்தில் ஸ்லைடுகள் ஓடும் பள்ளம்) சேருமிடத்திலா என்று பிரித்துப் பாருங்கள். அரைமணி நேர வேலை. ஹால்யார்டைப் பாயிலிருந்து கழற்றுங்கள். (பாயை மேலே ஏற்றும் கயிறு. தோணிக்காரர்கள் ஆஞ்சான் என்று சொல்வது இதைத்தான்.) 20 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பி, சுற்றிலும் கயிறு கட்டி ஹால்யார்டு முனையிலுள்ள ஷாக்கிளில் (உலோகக் கொளுவி) மாட்டுங்கள், கேனின் பிளாஸ்டிக் கைப்பிடியை நம்ப வேண்டாம். காக்பிட் (படகோட்டி உட்காரும் இடம்) பக்கம், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச்சைத் திறந்துவிட்டு, கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, பயணப்பெட்டி எடை பார்க்கிற டிஜிட்டல் தராசைக் கொக்கியில் மாட்டி மெதுவாக இழுங்கள். கேன் நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டுகிற எண்தான் கணக்கு. ஒரு மீட்டர் தூக்கினால் போதும். கேனுக்கு நேர் கீழே யாரும் நிற்கக்கூடாது.

சாதாரண புஷ் போட்ட பழைய கப்பியில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விசை போகும். உச்சியிலிருந்து காக்பிட் வரை நான்கு திருப்பம் என்றால் 20 கிலோவைத் தூக்க 30 கிலோ இழுக்க வேண்டும். நல்ல பால் பேரிங் கப்பிகளானால் 23 போதும். தராசு 35-ஐத் தாண்டினால் கயிற்றுப் பாதையில் ஏதோ சிக்கியிருக்கிறது. 25-க்குள் நின்றால் கப்பிகளைத் தொடவே வேண்டாம், நேராகத் தடத்துக்குப் போங்கள்.

கயிற்றுப் பாதையில் முதல் சந்தேகம் எப்போதும் உச்சிக் கப்பியின் சக்கரம். பழைய படகுகளில் அது நைலானாக இருக்கும். நைலான் ஈரத்தைக் குடித்து ஊதும். சில ஆண்டுகளில் அச்சாணியையே கவ்விக்கொண்டு சுழல மறுக்கும். சுழலாத சக்கரத்தின் மேல் கயிறு தேய்ந்தபடி போகும், கீழிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். மாற்றும்போது அசிட்டால் என்ற பிளாஸ்டிக் அல்லது அலுமினியச் சக்கரம் போடுங்கள். விட்டம் கயிற்றுப் பருமனில் எட்டு மடங்காவது இருக்கட்டும். 10 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 80 மில்லிமீட்டர். முன்பு எஃகு வயர் ஓடிய படகானால் சக்கரத்தின் பள்ளம் வயருக்கேற்ற குறுகலாக இருக்கும். அதில் கயிற்றைப் போட்டால் பள்ளம் கயிற்றின் உறையைக் கவ்வி அரைக்கும். கயிறு மாறினால் சக்கரமும் மாற வேண்டும்.

அடுத்தது, பாய்மரத்துக்குள்ளேயே இரண்டு ஹால்யார்டுகள் முறுக்கிக்கொண்டிருப்பது. ஒன்றை இழுக்கும்போது இன்னொன்றும் அசைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பாய்மர அடியில் உள்ள கப்பி, கயிறு வரும் கோணத்துக்கு நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் கயிறு கப்பியின் பக்கத்தகட்டில் உரசும், அங்கே கருப்புக் கோடு விழுந்திருக்கும்.

இனி தடம். மலாக்கா நீரிணைப் பக்கம் மாதக்கணக்கில் கட்டிக்கிடக்கும் படகுகளில் உப்பும் தூசியும் மட்டுமில்லை, குளவி மண்கூடே இருக்கும். பாய்மரப் பள்ளம் குளவிக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு பழைய ஸ்லைடில் துணியை இறுகக் கட்டி, மேலே ஹால்யார்டும் கீழே இழுகயிறும் பிணைத்து, நன்னீரில் நனைத்து நாலைந்து முறை மேலும் கீழும் ஓட்டுங்கள். இழுகயிறு கட்ட மறந்தால் துணி உச்சியிலேயே தங்கிவிடும்.

பிறகு கையில் டபிள்யூ.டி.-40 டப்பாவோடு வராதீர்கள். கிரீஸும் வேண்டாம், சமையல் எண்ணெயும் வேண்டாம். ஆம், அதையும் தடவுகிறார்கள். எண்ணெய்ப் பசை எதுவானாலும் உப்பையும் மணலையும் பிடித்து வைத்து உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும், பாயையும் கறையாக்கும். கழுவிக் காய்ந்த தடத்தில் உலர் டெஃப்லான் ஸ்பிரே ஒரு பூச்சு. அவ்வளவுதான். ஸ்லைடுக்குப் பதிலாக ஓடும் பால் பேரிங் கார்களுக்கு அதுவும் தேவையில்லை, நன்னீர் போதும்.

தடம் சுத்தமாகியும் இறுகினால் பேட்டன்களைப் பாருங்கள். முழு பேட்டன் பாயைக் காற்று சற்றே தள்ளினாலும் பேட்டன் முன்பக்கமாக அழுத்தி, ஸ்லைடைத் தடத்துக்குள் கோணலாகத் திருகும். பேட்டனைத் தேவைக்கு மேல் இறுக்கியிருந்தால் இது இரட்டிப்பாகும். பாயின் செங்குத்துச் சுருக்கம் மறையும் வரை இறுக்கினால் போதும். இதன்பின்னும் பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் பேட்டன் முனைகளுக்கு மட்டும் மூட்டுள்ள ஸ்லைடுகள் போடலாம். அதற்கு அடுத்தது, டைட்ஸ் மரைனின் ஸ்ட்ராங்ட்ராக் போல, ஏற்கெனவே உள்ள பள்ளத்துக்குள் செருகும் வழுவழுப்பான பாலிஎத்திலீன் பட்டை. தனித் தண்டவாளத்தோடு வரும் பால் பேரிங் கார்கள் கடைசி, விலையும் அதிகம்.

ஹால்யார்டை இரண்டுக்கு ஒன்று ஆக்கலாமா, அதாவது ஹெட்போர்டில் ஒரு கப்பி வழியாக மடக்கி இழுவிசையைப் பாதியாக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பெரிய கட்டமரான்களுக்கு (இரட்டை உடல் படகுகளுக்கு) அது நியாயம். இந்த அளவுப் படகில், பாய்மரத்தில் 15 மீட்டர் ஏறி 15 மீட்டர் இறங்குவதற்கும் டெக்கில் 6 மீட்டருக்கும் சேர்த்து 36 மீட்டராக இருக்கும் கயிறு 51 மீட்டராகும். ஹெட்போர்டில் இன்னொரு கப்பி வரும், அதோடு அதன் உராய்வும் வரும். பாய் இறங்குவதும் மந்தமாகும்.

இறங்குவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஏறும்போது முரண்டு பிடிக்கிற பாய் இறங்கும்போதும் அதே இடத்தில் நிற்கும், இறக்க எந்த வின்ச்சும் உதவாது. மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் வருகிற சுமாத்ரா சூறை மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். அந்தக் காற்றில் பாதிப் பாய் மேலே மாட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். காற்றை நேர் முகத்தில் வைத்து கிளட்ச்சைத் திறந்தால் பாய் தன் எடையிலேயே பெரும்பாலும் விழ வேண்டும். விழவில்லையென்றால் அந்தப் படகு புறப்படத் தயாராகவில்லை.

ஏற்றும் முன்: படகின் முகம் காற்றுக்கு நேராக. மெயின்ஷீட்டும் (பூமைக் கட்டுப்படுத்தும் கயிறு) வேங் என்ற, பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறும் தளர்வாக. எல்லா ரீஃப் கயிறுகளின் (பாயின் பரப்பைக் குறைக்கும் கயிறுகளின்) கிளட்ச்சும் திறந்து. "ஏதோ சிக்கிவிட்டது" என்று கூப்பிடுகிறவர்களில் பலரிடம் சிக்கியிருப்பது திறக்க மறந்த ரீஃப் கிளட்ச்தான். இறங்கும் பாயைப் பூம்மேல் தாங்கிப் பிடிக்கும் லேசி ஜாக் கயிறுகளை முன்னால் இழுத்துப் பாய்மரத்தோடு கட்டிவிடுங்கள், பேட்டன் முனை மாட்டாது. கண் பாயின் மேல் இருக்கட்டும், வின்ச்சின் மேல் அல்ல. கையால் ஏற்ற முடிகிற வரை கையால் ஏற்றுங்கள், கடைசி இரண்டு மீட்டருக்கு மட்டும் வின்ச். மின்சார வின்ச்சில் பொத்தான் ஒருவர், கயிற்றின் வால் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒரே ஆள் கையில் இருக்கட்டும். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் அந்த வின்ச் விரலையும் உள்ளே இழுக்கும்.

முன்பாய்க்கு ஒரே ஒரு விஷயம், ஆனால் உயிர் போகிற விஷயம். முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் திடீரென்று சுழல மறுத்தால், ஹால்யார்டு உச்சியில் ஃபோர்ஸ்டேயை (பாய்மரத்தை முன்னாலிருந்து தாங்கும் வயர்) சுற்றிக்கொண்டிருக்கலாம். சுருட்டுக்கயிற்றை வின்ச்சில் போட்டு இழுத்தால் ஃபோர்ஸ்டேயின் வயர் இழைகள் ஒவ்வொன்றாக அறும், பிறகு பாய்மரமே விழும். பாயின் தலையை ஹால்யார்டோடு இணைக்கும் மேல் சுழலியிலிருந்து ஹால்யார்டு ஃபோர்ஸ்டேக்கு இணையாக ஓடாமல் சுமார் 10 டிகிரி விலகி ஓட வேண்டும். பாய் குட்டையாக இருந்து சுழலி கீழேயே நின்றால், பாயின் தலையில் ஒரு நீட்டுக்கயிறு சேர்த்து அதை மேலே கொண்டுபோங்கள்.

உச்சியைப் பார்க்க ஆள் ஏற வேண்டியிருந்தால், சந்தேகத்துக்குள்ளான அதே ஹால்யார்டில் ஏற்றாதீர்கள். வேறொரு ஹால்யார்டில் ஏறட்டும், இரண்டாவது கயிறு ஒன்று தனியாகப் பாதுகாப்புக்கு இருக்கட்டும். இரண்டையும் ஷாக்கிளில் மாட்டாமல் பௌலைன் முடிச்சாக (இறுகாத கண்ணி முடிச்சு) ஏறுபவரின் பாதுகாப்பு வாரில் கட்டுங்கள். ஏற்றும் வேலைக்கு மின்சார வின்ச் வேண்டவே வேண்டாம்.