பேட்டரி இல்லாத சீட்டு பதில் சொல்வது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு ஜோடியிலும் நூலில் ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. சீட்டு (ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் அடையாளச் சீட்டு) கட்டுகிறோம். தட்டை, சீட்டைப் படிக்கும் கருவியான ரீடர் மேல் வைத்ததும் அத்தனை ஜோடியும் கணக்கில் வந்துவிடுகிறது. சீட்டில் பேட்டரியே இல்லையே, எப்படி?"

சீட்டுக்குள் மணல் துகள் அளவில் ஒரு சிப்பும் மெல்லிய உலோக ஆன்டெனாவும் இருக்கின்றன. ரீடரின் ரேடியோ அலை பட்டதும் ஆன்டெனாவில் சிறு மின்னோட்டம் எழும். ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு கிடைத்தால் போதும், சிப் விழித்துக்கொள்ளும்.

சரி, பதில்? சொந்தமாக அலை பரப்ப அந்தத் துளி மின்சாரம் பற்றாது. எனக்கு இன்றும் சலிக்காத இடம் இதுதான். சீட்டு எந்த அலையையும் உண்டாக்குவதில்லை. வந்த அலையையே திருப்பி அனுப்புகிறது.

ஏற்காடு மலையில் லேடீஸ் சீட் என்னும் காட்சி முனையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியோடு நின்று கீழே சேலத்தைப் பார்க்கிறீர்கள். வெயில் உங்களுடையது இல்லை. கண்ணாடியை லேசாகச் சாய்த்தால் கீழே இருப்பவர் கண்ணில் பளிச். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் ஒன்றுமில்லை. பளிச் என்றால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்ஜியம் என்று பேசிவைத்துக்கொண்டால் ஒரு நீண்ட எண்ணையே சொல்லிவிடலாம். மணிக்கட்டைத் திருப்பும் தெம்பு மட்டுமே செலவு. சிப்பில் அந்த மணிக்கட்டு வேலையை ஒரு டிரான்சிஸ்டர், அதாவது மின்சாரத்தால் இயங்கும் நுண்ணிய சுவிட்ச், செய்கிறது. ஆன்டெனாவின் இரு முனைகளையும் அது சேர்த்தால் அலை திரும்பிப் போகும். பிரித்தால் சிப்புக்குள் இறங்கும். நொடிக்குப் பல்லாயிரம் முறை இப்படி. தான் அனுப்பிய பெரிய அலைக்கு நடுவே அந்த மெல்லிய ஏற்ற இறக்கத்தை ரீடர் பிரித்துக் கேட்கிறது. திருப்பிய அலையில் பேசலாம் என்று பொறியாளர் ஹாரி ஸ்டாக்மன் 1948-இல் எழுதியபோது டிரான்சிஸ்டருக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை!

எல்லாச் சீட்டும் ஒன்றாகப் பேசினால் குழம்பாதா? ஒவ்வொன்றும் தனக்கென ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த முறை வரும்போது மட்டும் பேசும். மோதினால் மறு சுற்று. சுங்கச்சாவடி ஃபாஸ்டேக்கும் இதே குடும்பம்தான். நம் நாட்டில் இதற்கு ஒதுக்கிய அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை.

வெள்ளியோடு பழகும்போது ஒரு கவனம் வேண்டும். உலோகமே ரேடியோ அலைக்குப் பெரிய கண்ணாடி. சீட்டு அதில் ஒட்டிக் கிடந்தால் ஆன்டெனாவின் சுருதி கெட்டுவிடும். நூலில் கொஞ்சம் தள்ளித் தொங்கட்டும்.

அப்புறம் என் ஆதங்கம் ஒன்று. கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று வீடு வீடாகக் கைமாறித்தான் கொலுசு கடைக்கு வருகிறது. பற்றவைக்கும் தீயில் சீட்டு கருகிவிடும் என்பதால் அதைக் கடைசியில்தான் கட்டுகிறோம். அதுவரை யார் கையில் எத்தனை கிராம் குறைந்தது என்பதற்கு நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. தகராறு வந்தால் கூலிக்காரர் சொல் எடுபடுவதில்லை. கொலுசு போய்வரும் பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டை ஒட்டி, தராசுக்குப் பக்கத்தில் ஒரு ரீடரை வைத்தால் ஒவ்வொரு கையிலும் எடை பதிவாகும். பட்டறைக்காரர் வாங்கும் விலையில் அந்த ரீடரைச் செய்து தர, நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.