டென்ஷன் தணிந்தும் இறங்காத பிரஷர்

"பஸ்ஸுல ஒரே நெருக்கடி டாக்டர், அதான் பிரஷர் கூடிட்டு, ஒறங்கி எந்திரிச்சா சரியாயிரும்" என்று சொல்லாத நோயாளி எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் அரிது. அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளை ஏமாற்றிவிடுகிறது.

தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் கிளம்பும் பரிவு நரம்பு மண்டலம், பயமோ வலியோ ஓட்டமோ வந்தால் இதயத்தை விரைந்து துடிக்க வைத்து, சிறு தமனிகளைச் சுருக்கி, இரத்த அழுத்தத்தை நொடிகளில் உயர்த்துகிறது. ஆகவே, மாடியேறி மூச்சு வாங்க வந்தவர் கையில் உடனே பட்டையைச் சுற்றிப் பார்ப்பதில் பொருளில்லை. காப்பி, பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவற்றை அரை மணி நேரம் தவிர்த்து, சிறுநீர் கழித்து, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை இதய மட்டத்தில் வைத்து இரண்டு முறை பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் வெவ்வேறு நாட்களில் 140/90-க்குக் குறையவில்லை என்றால், பழியைப் பஸ்ஸின் மேல் போட முடியாது.

இதே நரம்புகள் சிறுநீரகத்துக்கும் செல்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அங்கே அவை ரெனின் என்ற நொதியைச் சுரக்கச் செய்து, உப்பையும் நீரையும் உடலிலேயே தங்க வைக்கின்றன. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் உணர்விகளோ, நாளடைவில் உயர்ந்த அழுத்தத்தையே இயல்பென்று ஏற்றுக்கொள்கின்றன. இவ்வளவும் நடக்கையில் மனத்தில் படபடப்பு இருக்க வேண்டியதில்லை. "எனக்கு ஒரு கவலையும் கிடையாது" என்பவருக்கும் பிரஷரின் மேல் அளவு 170 இருப்பது அதனால்தான். உடல் பருத்து, இரவில் குறட்டை விடுபவரானால் அவருடைய மனைவியிடம்தான் நான் விசாரிப்பேன்: இடையில் மூச்சு நின்று, திணறி எழுகிறாரா? ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் ஆக்சிஜன் குறைந்து அந்த நரம்புகள் தூண்டப்படுவதால், தூங்கும் நேரத்தில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. எல்லாருடைய இரத்த அழுத்தத்துக்கும் நரம்பே காரணம் என்று சொல்லமாட்டேன். உப்பும் வயதும் பரம்பரையும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

மூக்கடைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே கேட்டு வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில், இந்த நரம்பின் வேலையையே செய்யும் ஃபினைலெஃப்ரின் இருக்கிறது. பிரஷர் உள்ளவர்கள் தமக்குப் பிரஷர் இருப்பதைச் சொல்லி, அம்மருந்து இல்லாததாகக் கேட்டு வாங்குவது நல்லது.

சிறுநீரக நரம்பைச் சுட்டுவிட்டால் மாத்திரையே வேண்டாமாமே என்று கைப்பேசியில் வீடியோ காட்டுகிறார்கள். அமெரிக்காவில் அச்சிகிச்சைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது உண்மை; ஆனால் 2014-இல் வெளியான பெரிய ஆய்வில் அது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நரம்பைச் சுடாமலே செய்த போலிச் சிகிச்சையை விஞ்சவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் காட்டிய பலனும் மிதமானதே. பெரும்பாலோர் மாத்திரையைத் தொடரத்தான் வேண்டும்.

அந்த மாத்திரைகளில் மெட்டோப்ரோலால், குளோனிடின் போன்றவை நேராக இந்த நரம்பின் வேகத்தையே அடக்குபவை. திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த வேகம் மொத்தமாகத் திரும்பி, அழுத்தம் எகிறலாம். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் போகிறவர்கள், அரிசி பருப்போடு அத்தனை நாளைக்கும் உரிய மாத்திரையையும் எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் மெடிக்கல் ஷாப்பைத் தேடி அலைய முடியாது.