உலையின் ஆயுளும் சட்டத்தின் ஆயுளும்

கார்பன் உமிழ்வுக்கு வரி விதித்தால் எஃகு, சிமென்ட் ஆலைகள் தாமாகவே தூய தொழில்நுட்பத்துக்கு மாறிவிட வேண்டுமே, ஏன் மாறுவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வரி எவ்வளவு என்பதைத்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். அது எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதும் ஆலையின் முடிவில் அதே அளவுக்கு முக்கியம் என்பது என் எண்ணம்.

எஃகையே எடுத்துக்கொள்வோம். இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையில், நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கற்கரியிலிருந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, இரும்புத் தாதுவின் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடாக வெளியேறுகிறது; இவ்வழியில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டைஆக்சைடு வெளிப்படுகிறது. அதே வேலையை ஹைட்ரஜன் செய்தால் மிஞ்சுவது நீராவி. ஆனால் முழுக்க ஹைட்ரஜனில் இயங்க வேறு வகை உலையே கட்ட வேண்டும். ஊதுலையின் உட்சுவரில் அடுக்கியுள்ள தீச்செங்கற்கள் வெப்பத்தாலும் அரிப்பாலும் தேய்ந்துபோவதால், பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை உலையை நிறுத்திப் புதிதாக அடுக்குகிறார்கள். பழைய முறையா, புதிய முறையா என்ற கேள்வி உண்மையில் எழுவது அப்போதுதான்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. புதிய உலைக்கு 100 கோடி செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். கார்பன் வரி நீடித்தால் அந்த உலை தரும் மொத்தப் பயன் 160 கோடி. வரி நீக்கப்பட்டால் 60 கோடி. இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றால் சராசரிப் பயன் 110 கோடி, ஆகவே 10 கோடி லாபம். கட்டலாம் என்றே தோன்றும். ஆனால், ஓராண்டு காத்திருந்து தேர்தல் முடிவைப் பார்த்துவிட்டு, வரி நீடித்தால் மட்டும் கட்டினால் என்ன ஆகும்? பாதி வாய்ப்பில் 60 கோடி லாபம், மீதிப் பாதியில் செலவே இல்லை. சராசரி 30 கோடி. தாமதத்தால் அதில் சிறிது குறைந்தாலும் காத்திருப்பதே லாபம். மாறாக, பயன் 110 கோடிதான் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் காத்திருப்பதில் நட்டமே மிஞ்சும். சராசரி ஒன்றே, ஊசலாட்டம் மட்டுமே முடிவைத் தலைகீழாக்கிவிடுகிறது. கட்டிய உலையைத் திரும்பக் கொடுத்துப் பணத்தைப் பெற முடியாது என்பதே இதன் ஆணிவேர். இந்தத் தர்க்கத்தைப் பொருளாதார அறிஞர் பென் பெர்னான்கி 1983இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கார்பன் விலை, ஆட்சி மாறியபின் 2014 ஜூலையில் நீக்கப்பட்டது. கார்பன் உமிழ்வதற்கான அனுமதிகளை ஆலைகள் வாங்கி விற்கும் ஐரோப்பிய உமிழ்வுச் சந்தையின் முதல் கட்டத்தில் தேவைக்கு மேல் அனுமதிகள் வழங்கப்பட்டன. அவற்றை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவும் வழியில்லாததால், 2007இல் அவற்றின் விலை ஏறத்தாழ பூஜ்யத்துக்கு இறங்கியது. 15 ஆண்டு முதலீட்டைத் திட்டமிடும் பொறியாளர் இவற்றை எளிதில் மறக்கமாட்டார். விதி மாறுவதே கேடு என்று இதற்குப் பொருளில்லை. சுவீடன் 1991இல் கொண்டுவந்த கார்பன் வரியைக் காலப்போக்கில் பலமடங்கு உயர்த்தியது. வரி போகும் திசை தெரிந்தால் உயர்வையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியும்.

ஆய்வகத்தின் நிலை சற்று வேறு. அங்கே செய்யும் சிறு செலவு, பின்னாளில் மாறுவதற்கான வாய்ப்பைத் திறந்து வைக்கிறது. ஆகவே கொள்கை தடுமாறும்போதும் நிறுவனங்கள் காப்புரிமைகளைப் பதிவு செய்யக்கூடும். அறுபடுவது அதற்கு அடுத்த படியான, புதிய முறையைச் சிறிய அளவில் இயக்கிப் பார்க்கும் முன்னோட்ட ஆலை. அரசுகள் ஆய்வுக் கட்டுரைகளுக்கு நிதி கொடுத்துவிட்டு இந்தப் படியைக் கைவிடுவது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. ஜெர்மனி 2024இல் வழங்கிய 15 ஆண்டு ஒப்பந்தங்களில், தூய உற்பத்தியின் கூடுதல் செலவுக்கும் கார்பன் விலைக்கும் இடையிலான பள்ளத்தை அரசே நிரப்ப ஒப்புக்கொள்கிறது. விலை உயர்ந்தால் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். ஊசலாட்டத்தின் சுமை, அதை உண்டாக்கக்கூடிய அரசின் தோளுக்கே போகிறது என்பதால் இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன்.

இத்தகைய உறுதி இல்லாத இடத்தில், தேய்ந்த சுவரில் பூச்சு அடித்து உலையை இன்னும் சிறிது காலம் ஓட்டுவார்கள். பூச்சும் நிற்காத நாளில் தீச்செங்கலைப் புதிதாக அடுக்கிவிட்டால், அடுத்த 15 ஆண்டுகளுக்கு அந்த உலையில் கற்கரிதான் எரியும்.