இந்த வரி எங்கே ஓடுகிறது?

நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் மூன்று அறை காட்டேஜ் வைத்திருக்கும் அக்கா ஒருவர், மே மாதச் சீசன் நடுவில் இரவு ஒன்பதரை மணிக்கு போன் செய்தார். "தம்பி, ஒரு குடும்பம் வந்து நிக்குது. மூணு ராத்திரிக்கு ரூம் போட்டிருக்காங்க. புக்கிங் நம்பர் கையில வெச்சிருக்காங்க. ஆனா என் அக்கவுன்ட்ல ஒரு ரூபாதான் ஏறியிருக்கு." ஓர் இரவுக்கு வாடகை 3,500. மொத்தம் 10,500 வந்திருக்க வேண்டும். வெளியே நல்ல மழை, அவர்களோடு கைக்குழந்தை வேறு. அக்கா கதவைத் திறந்துவிட்டார்.

அவர்கள் ஏமாற்ற வந்தவர்கள் இல்லை. யாரோ ஓர் ஏஜென்டிடம் முழுத் தொகையும் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆள் அக்காவின் வெப்சைட்டில் ஒரு ரூபாய் மட்டும் கட்டி அறையைப் போட்டுவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு காணாமல் போய்விட்டான். இதற்கு ஹேக்கிங் என்று பெரிய பெயர் வேண்டாம். பிரவுசரைத் திறக்கத் தெரிந்த யாராலும் செய்ய முடிகிற வேலை.

கோத்தகிரியில் இருந்துகொண்டு 12 வருடமாக வெப்சைட் வேலை பார்க்கிறேன். இந்தச் சீசனில் மட்டும் இதே கோளாறோடு என்னிடம் வந்தது இது மூன்றாவது. மூன்றுமே, இப்போதுதான் புரோகிராமிங் படிக்கும் பிள்ளைகள் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் ஆசையாகச் செய்து கொடுத்தவை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மறுநாள் காலை அந்த வெப்சைட்டைச் செய்த தம்பியும் வந்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம், கெட்டிக்காரப் பையன். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, முன்பதிவுப் பக்கத்தில் மூன்று இரவுகளைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் 10,500 என்று காட்டியது. எஃப்12 அழுத்தினேன். பக்கத்தை உருவாக்கும் எச்டிஎம்எல் வரிகள் ஓரமாக விரிந்தன. அதில் ‘டோட்டல்’ என்ற பெயரில் திரையில் தெரியாத ஒரு ஹிட்டன் இன்புட், மதிப்பு 10500. அதன் மேல் இரண்டு முறை கிளிக் செய்து, எண்ணை அழித்து, 1 என்று அடித்து என்டர் தட்டினேன். பிறகு பணம் கட்டும் பொத்தானை அழுத்தினேன். பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேயின் திரை வந்தது. கட்ட வேண்டிய தொகை: ஒரு ரூபாய். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அது ஹிட்டன் ஃபீல்டுண்ணா, வெளியில தெரியாதே" என்றான் தம்பி. கொஞ்ச நேரம் கழித்து, "ரைட் கிளிக்கைக்கூட பிளாக் பண்ணியிருக்கேனே" என்றான்.

இந்த ரைட் கிளிக்கைப் பற்றி இன்று முழுதாகப் பேசிவிட வேண்டும். எந்தப் பிள்ளை எடுத்து வரும் புராஜெக்டிலும் இது இருக்கிறது. ரைட் கிளிக்கைத் தடுத்துவிட்டால் யாரும் புரோகிராம் கோடைப் பார்க்க முடியாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்க முடியும். எஃப்12 இருக்கிறது. அதையும் தடுத்தால் பிரவுசர் மெனுவில் டெவலப்பர் டூல்ஸ் இருக்கிறது. கண்ட்ரோலோடு யூ அழுத்தினால் சோர்ஸ் முழுக்கத் திறக்கும். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டையே செட்டிங்கில் நிறுத்திவிட்டால் நீங்கள் எழுதிய தடுப்பு எதுவும் ஓடவே ஓடாது. இது எல்லாவற்றையும் எப்படியோ அடைத்துவிட்டீர்கள் என்றே வையுங்கள். ‘கர்ல்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு பிரவுசரே தேவையில்லை. உங்கள் பக்கத்தைத் திறக்காமல், உங்கள் பொத்தானை அழுத்தாமல், எந்த மதிப்பை வேண்டுமானாலும் நேராக உங்கள் சர்வருக்கு, அதாவது வெப்சைட்டை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, அனுப்பும். சர்வருக்கு வந்து சேரும்போது அது உங்கள் ஃபார்மிலிருந்து வந்ததா, கர்லில் இருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்க நம்பகமான வழி கிடையாது. ஃபார்ம் கட்டங்களுக்குப் போடும் ‘ரீட்ஒன்லி’யும் அப்படித்தான், ‘டிஸேபிள்டு’ம் அப்படித்தான், ‘ரிக்வயர்டு’ம் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டில் நீங்கள் எழுதும் எல்லா இஃப் கண்டிஷனுக்கும் இதே கதிதான். அவை ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, வந்தவருடைய கம்ப்யூட்டரில். அங்கே அவர்தான் முதலாளி.

அப்படியானால் பிரவுசரில் எதையும் சரிபார்க்கவே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நம் ஊரில் பச்சைத் தேயிலை போடுகிறவர்கள் வீட்டிலேயே ஒரு தடவை மூட்டையை நிறுத்துப் பார்ப்பார்கள். அது அவர்களுக்கு ஒரு கணக்கு. ஆனால் இலையை எடுக்க வருகிறவர் தன் தராசில் மறுபடி நிறுத்துத்தான் சீட்டு எழுதுவார். நீங்கள் சொன்ன எடைக்குச் சீட்டு எழுத மாட்டார். பிரவுசரில் செய்யும் சோதனை வீட்டுத் தராசு. போன் நம்பரில் ஓர் எண் குறைந்தால் வந்தவருக்கு உடனே சொல்ல உதவும். பணக் கணக்கு சர்வரின் தராசில்தான் நடக்க வேண்டும்.

தம்பி எழுதிய புரோகிராம் கோடை அன்றைக்கே மாற்றினோம். பிரவுசர் இனி அறை எண்ணையும் தேதிகளையும் மட்டும் அனுப்பும். வாடகை எவ்வளவு என்று சர்வர் தன் டேட்டாபேஸ் டேபிளில் பார்த்துக்கொள்ளும், எத்தனை இரவு என்று தானே எண்ணும், அந்தத் தொகைக்கு கேட்வேயிடம் தானே ஆர்டர் போடும். பணம் கட்டி முடிந்ததும் ‘வெற்றி’ பக்கம் திறந்துவிட்டது என்பதற்காக அறையை உறுதி செய்யக்கூடாது. அந்தப் பக்கத்தின் முகவரியை யாரும் கையால் அடித்துத் திறக்கலாம். பணம் வந்ததற்குச் சான்றாக கேட்வே அனுப்பும் சிக்னேச்சரை சர்வர் சரிபார்த்து, தொகையும் பொருந்தினால்தான் உறுதி. இங்கே இன்னொன்று: பல கேட்வேக்கள் தொகையைப் பைசாவில் கேட்கும். 3500 என்று அனுப்பினால் 35 ரூபாய்தான் வசூலாகும். மூன்றில் ஒன்றில் இந்தத் தவறும் இருந்தது.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, புதிதாகப் படிக்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில் பெரும்பாலானவை புரோகிராமின் எந்த வரியைப் பார்த்தும் கேட்க வேண்டிய ஒரே கேள்வியில் அவிழ்கின்றன. இந்த வரி எங்கே ஓடுகிறது? என் லேப்டாப்பிலா, சர்வரிலா, வந்தவருடைய போனிலா? இதைக் கேட்காமலேயே கோடை இங்கும் அங்கும் மாற்றிக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள்.

சர்வரில் ஓட வேண்டிய பிஎச்பி ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்துவிட்டு, வெறும் புரோகிராம் கோடுதான் தெரிகிறது என்பார்கள். முகவரிப் பட்டையைப் பாருங்கள். ‘ஃபைல்’ என்று தொடங்கினால் அதைப் படித்தது பிரவுசர். பிரவுசருக்குப் பிஎச்பி தெரியாது. லேப்டாப்பிலேயே சர்வரை இயக்கும் எக்ஸாம்ப் போன்ற ஒன்றை ஓடவிட்டு லோக்கல்ஹோஸ்ட் வழியாகத் திறக்க வேண்டும்.

அந்த லோக்கல்ஹோஸ்டே அடுத்த சிக்கல். போன வருடம் ஒரு பெண் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளில் கண் கலங்கி வந்து நின்றாள். லேப்டாப்பில் எல்லாம் ஓடுகிறது, ஹோஸ்ட் செய்த பிறகு ஆசிரியரின் போனில் பட்டியல் காலியாக வருகிறது. சர்வரிடம் பட்டியலைக் கேட்கும் ஃபெட்ச் வரியில் லோக்கல்ஹோஸ்ட் 3000 என்று அப்படியே இருந்தது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இதே மெஷின்’ என்று பொருள். ஆசிரியரின் போனில் அந்த வரி ஓடும்போது அது ஆசிரியரின் போனைத்தான் தேடும். அங்கே என்ன இருக்கும்? ஒரு வரி மாற்றம், இரண்டு நிமிட வேலை. அதற்கு மூன்று நாள் அழுதிருக்கிறாள்.

படம் வரவில்லை என்றால் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்ளாது. எல்லா ஃபைலுக்கும் சின்ன எழுத்திலேயே பெயர் வையுங்கள். மாற்றியது தெரியவில்லை என்றால் பிரவுசர் பழைய பிரதியைக் காட்டுகிறது, கண்ட்ரோல் எஃப்5. ஆனால் அது உங்கள் பிரவுசரைத்தான் சரிசெய்யும். வாடிக்கையாளர் போனிலும் பழையது இருக்கும், எனவே ஸ்கிரிப்ட் ஃபைலின் பெயரோடு ஒரு வெர்ஷன் எண் சேருங்கள்.

தேதிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும், சீசனில் ஒரு நாள் தவறினால் ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். காலண்டரில் மே 10 தேர்ந்தெடுத்தால் டேட்டாபேஸில் மே 9 என்று விழுகிறது என்று குறைந்தது பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். பிரவுசர் நம் ஊர் நேரத்தில் மே 10 நள்ளிரவு 12 மணி என்று வைத்திருக்கிறது. அதை ‘டூஐஎஸ்ஓஸ்டிரிங்’ என்ற ஃபங்ஷன் போட்டு அனுப்பியதும் உலகப் பொது நேரத்துக்கு மாறுகிறது. நாம் 5.30 மணி நேரம் முன்னால் இருக்கிறோம், ஆகவே அது மே 9 மாலை 6.30. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் மே 9. இதற்கு ஒரு நாள் கூட்டி அனுப்பும் வைத்தியத்தைப் பலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தங்கும் தேதிக்கு நேரமே தேவையில்லை. டேட் இன்புட் தரும் வருடம், மாதம், நாள் என்ற எழுத்தை அப்படியே அனுப்புங்கள், டேட்டாபேஸிலும் டேட் என்ற வகையிலேயே வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மாதம் 0-இல் தொடங்கும், மே என்பது 4. இதையும் மறக்க வேண்டாம்.

தமிழில் எழுதினால் இன்னொரு இடத்தில் இடிக்கும். ‘கோத்தகிரி’யை எண்ணிப் பாருங்கள், கண்ணுக்கு 5 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 9 என்று சொல்லும், துணைக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். பிஎச்பியின் சாதாரண ஸ்டிரிங் லென்த் 27 என்று சொல்லும், அது பைட்டை எண்ணுகிறது, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஊர்ப் பெயர் 20-க்கு மேல் போகக்கூடாது என்று இரண்டு பக்கமும் சோதனை வைத்திருந்தான் ஒரு பையன். பிரவுசர் சரி என்றது, சர்வர் தூக்கி எறிந்தது. பிஎச்பியில் எம்பி என்று தொடங்கும் ஸ்டிரிங் ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கள். தமிழ் கேள்விக்குறிகளாக விழுந்தால் டேபிளையும் இணைப்பையும் இரண்டையும் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வந்து நிற்காதீர்கள்.

பெயர் டி'சோசா என்று அடித்ததும் ஃபார்ம் உடைகிறதா? நடுவில் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோளுக்கு ஒட்டுப் போட வேண்டாம். வந்ததை அப்படியே டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்கியூஎல் கட்டளை வரிக்குள் சேர்க்கிறீர்கள் என்று பொருள். இன்று ஒரு பெயர் உடைத்தது, நாளை ஒருவன் உங்கள் டேபிளையே துடைப்பான். கட்டளையையும் வந்த மதிப்பையும் தனித்தனியாக அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட், வேறு வழி இல்லை. வெளிச் சேவைக்கான ரகசியச் சாவியான ஏபிஐ கீயை ‘என்வ்’ என்ற செட்டிங் ஃபைலில் வைத்தேன், பத்திரம்தானே என்பார்கள். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் செய்த பக்கம் பயன்படுத்தும் என்வ் மதிப்புகள் பில்டு செய்யும்போது ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு அடுத்த கமிட்டில், அதாவது அடுத்த பதிவில், அழித்தாலும் பழைய கமிட்டில் இருக்கும். கீயை ரத்து செய்து புதிது வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது மட்டும் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அக்காவின் வெப்சைட்டில் ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரின் முகவரியை அடித்துப் பார்த்தேன். அதுவரை வந்து தங்கிய அத்தனை பேரின் ஆதார் அட்டைகளும் பட்டியலாகத் திறந்தன. பாஸ்வேர்டு இல்லை, ஒன்றும் இல்லை. நம்மை நம்பி மலையேறி வந்தவர்களின் முகமும் முகவரியும் எண்ணும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நம் வீட்டுக்கு வந்தவர்கள் அல்லவா? ஆதார் படம் தேவையில்லாமல் வாங்காதீர்கள். வாங்கினால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். ஃபைல்களை வெப் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள், லாகின் சரிபார்த்த பிறகே சர்வர் எடுத்துக் கொடுக்கட்டும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

அக்கா மாதிரி சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் வெப்சைட்டை வாங்கிக்கொள்ளும்போது செய்து கொடுத்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, எஃப்12 அழுத்தி தொகையை ஒன்று என்று மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். கேட்வே திரையில் ஒரு ரூபாய் வந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடாதீர்கள். செப்டம்பரில் இரண்டாவது சீசன் தொடங்குமுன் இதற்கு நேரம் இருக்கிறது.

படிக்கிற பிள்ளைகள் என்னிடம் தாராளமாகக் கேளுங்கள். 404 போல நாலில் தொடங்கும் எரர் எண் வந்தால் நீங்கள் கேட்ட விதத்தில் கோளாறு, முகவரியைப் பாருங்கள். 500 வந்தால் கோளாறு சர்வரில், பிரவுசர் கன்சோலைக் குடைந்து பயனில்லை, சர்வரின் எரர் லாகைத் திறங்கள். திறந்து அந்த வரியை முழுக்கப் படியுங்கள், ஃபைலின் பெயரும் வரி எண்ணும் அதிலேயே இருக்கும். அப்புறமும் புரியவில்லை என்றால் அந்த வரியைக் காப்பி செய்து எனக்கு அனுப்புங்கள். திரையைப் போனில் சாய்வாகப் படம் பிடித்து, "அண்ணா, ஓட மாட்டேங்குது" என்று மட்டும் அனுப்பாதீர்கள்.